மெஷினுக்குப் போணி

எய்ட்ஸுக்குத் தடுப்பூசி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. கண்டுபிடித்தால் போட்டுக்கொள்ள ஜனங்கள் தயாரா என்பதைக் கண்டுபிடிக்க மட்டும், செங்கல்பட்டைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டோரமாக ஒரு மையம் கட்டி முடித்துவிட்டார்கள். அதன் பெயர் நச்சுயிரித் தடுப்பு மனப்பாங்கு ஆய்வு மையம். மாப்பிள்ளை கிடைப்பதற்கு முன்பே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்ட பெண் வீட்டார் மாதிரி அங்கே எல்லோரும் எப்போதும் பரபரப்பாகவே இருந்தார்கள். வெளிநாட்டு நிதி, குளிரூட்டிய அறைகள், புல்வெளி, புல்வெளியில் நடக்கக் கூடாது என்று ஒரு பலகை, எல்லாம் இருந்தன.

இயக்குநர் டாக்டர் திருநாவுக்கரசு ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மனோதத்துவ டாக்டர். ஊசியைக் கண்டால் மனிதன் ஏன் கையை இழுத்துக்கொள்கிறான் என்பதைப் பற்றி வெளிநாட்டில் தங்கி எழுதிப் பட்டம் வாங்கியவர். வலிக்கும் என்பதால்தான் இழுத்துக்கொள்கிறான் என்று யாராவது சொன்னால் அவருக்கு முகம் சிவந்துவிடும்.

மையத்தின் உயிர்நாடி ரகசியம். வருகிறவர் யார், எதற்காக வந்தார் என்பது வெளியே தெரியவே கூடாது. அதற்காகச் சுற்றுச்சுவரில் இரண்டு வாசல் வைத்திருந்தார்கள். ஒன்று பொதுவாக வருகிறவர்களுக்கு. இன்னொன்று சீக்கு உள்ளவர்களுக்கும், இருக்குமோ என்று பயப்படுகிறவர்களுக்கும். இந்த இரண்டாவது வாசலின் மேல், போகிற லாரியிலிருந்தே படிக்கிற அளவில், 'இங்கே உங்கள் ரகசியம் காக்கப்படும்' என்று நீல எழுத்தில் எழுதி, இருட்டினாலும் தெரிவதற்கு டியூப் லைட்டும் போட்டிருந்தார்கள். பஸ் கண்டக்டர்கள் அந்த இடத்துக்கு ரகசியம் ஸ்டாப் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "ரகசியம்லாம் எறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுத்தால் மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும்.

2004ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள் ஷபீரும் அவன் தங்கை ஃபைஸாவும் அந்த ஸ்டாப்பில் இறங்கினார்கள்.

ஷபீருக்குக் கருங்குழி பஜாரில் சீட் கவர் கடை. ஆட்டோ, மினி லாரி, டிவிஎஸ் 50 எதுவானாலும் அளவெடுத்துத் தைத்து மாட்டிவிடுவான். ஃபைஸாவைக் கடலோரமாக ஓர் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தான். புருஷன் காய்ச்சலாகவே கிடந்து போய்ச் சேர்ந்த பிறகுதான் அவன் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த சீக்கு இன்னதென்று தெரிந்தது. தெரிந்ததும் மாமியார் வீட்டில் முதலில் அவள் தட்டைத் தனியாக வைத்தார்கள். அப்புறம் அவளையே தனியாக வைத்தார்கள். ஷபீர் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவன் பெண்டாட்டி ஷாஜாதி அவளுக்குத் தன் தட்டிலேயே சோறு போட்டுக் கொடுத்தாள்.

அந்த வருஷம்தான் அரசு ஆஸ்பத்திரிகளில் இந்தச் சீக்குக்கு மாத்திரையை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஷபீர் தங்கையை அழைத்துப் போனான். டாக்டர் பிரபாவதி என்கிற அம்மா பொறுமையாகவே சொன்னார். ரத்தத்தில் எதிர்ப்பு அணுக்களை மெஷினில் எண்ண வேண்டும். இருநூறுக்குக் கீழே வந்தால் மாத்திரை உண்டு, மேலே வந்தால் இப்போதைக்கு இல்லை. நம்பர் இல்லாமல் எழுதித் தர சட்டம் இல்லை. ஆஸ்பத்திரி மெஷின் பழுது, பார்ட்ஸ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். தனியார் லேப் நம்பர் செல்லாது. அங்கீகாரம் பெற்ற இன்னொரு மெஷின் செங்கல்பட்டுப் பக்கத்தில் புதிய மையத்தில் வந்திருக்கிறது, உங்கள் ஊருக்கும் அதுதான் கிட்டே. "நம்பரோட வாங்க. அன்னிக்கே எழுதித் தரேன்" என்றார்.

ஆக, ஃபைஸா உயிரோடு இருக்க வேண்டுமானால் ஒரு நம்பர் வேண்டும். அதை வாங்கத்தான் வந்தார்கள்.

ரகசிய வாசலில் காவலாளி முனிசாமி, யாருக்குச் சீக்கு என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடிப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி விசாரித்தார். பிறகு, அடையாளம் தெரியாமல் இருப்பதற்காக மையம் கொடுக்கும் மஞ்சள் தொப்பியை இருவருக்கும் நீட்டினார். காது வரைக்கும் இறங்குகிற தொப்பி. அந்தத் தொப்பியைச் செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம் வரைக்கும் தெரியாதவர் கிடையாது. ஃபைஸா ஏற்கெனவே பர்தாவுக்குள் இருந்தாள், கண் மட்டும்தான் தெரிந்தது. முனிசாமி யோசித்துப் பார்த்துவிட்டு, ரூல் ரூல்தான் என்று பர்தாவின் மேலேயே தொப்பியைக் கவிழ்த்தார்.

"இப்பத்தாண்ணே எல்லாருக்கும் நல்லா தெரியுது" என்றாள் ஃபைஸா.

உள்ளே ஆலோசகர் பிரதீபா இருந்தாள். பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல எப்போதும் மெல்லிய குரலில் பேசுவாள், அது அவளுடைய பயிற்சி. ரகசிய வாசலில் நுழைந்த எல்லோருக்கும் முதலில் ரத்தப் பரிசோதனை என்பது விதி. ஃபைஸாவுக்குத்தான் இருப்பது தெரியுமே, அதனால் ஷபீருக்கு எடுத்தார்கள். அவனுக்குச் சீக்கு இல்லை என்று வந்ததும் பிரதீபா எழுந்து நின்று கை கொடுத்தாள். நாங்கள் தேடிக்கொண்டிருப்பதே உங்களைப் போன்ற ஆளைத்தான் என்றாள்.

"எனுக்கு ஒண்ணியும் இல்ல மேடம். சீக்கு தங்கச்சிக்கு" என்றான் ஷபீர்.

"அதுதான் சார் விசேஷமே. வீட்டுல ஒருத்தருக்கு இருக்கு, உங்களுக்கு இல்ல. தடுப்பூசி வந்தா முதல் உரிமை உங்களுக்குத்தான்."

"வந்துட்ச்சா?"

"வரல."

அப்படின்னா தங்கச்சிக்கு இன்னா என்று அவன் கேட்டான். பிரதீபா இன்னும் மெல்லிய குரலுக்குப் போனாள். தங்கை தடுக்கிற கட்டத்தைத் தாண்டி வந்தவர், மையமோ தடுக்கிறதோடு நின்றுவிடுவது, இரண்டுக்கும் நிதி தருகிற இடமே வேறு வேறு என்று விளக்கினாள். இருந்தாலும் மனிதாபிமான அடிப்படையில் அவளைத் 'துணைக்கு வந்தவர்' என்று பதிந்துகொள்ளலாம். துணைக்கு வந்தவருக்கு டீ உண்டு, சாப்பாடு கிடையாது.

மெஷின் இருந்தது. பொய்யில்லை. கண்ணாடி அறைக்குள் சிவப்பு வெல்வெட் துணி போர்த்தி, அதன் மேல் குறுக்கே ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். அறை வாசலில் கறுப்புக் கல்வெட்டு. அமைச்சர் பெயர், இயக்குநர் பெயர், தலைமை, முன்னிலை எல்லாம் வெட்டியாகிவிட்டது, நாள் என்ற இடம் மட்டும் காலி. அமைச்சரின் தேதி கிடைக்கவில்லை. கிடைத்தால் ஆடி மாதமாக இருந்தது, ஆடி போனால் இடைத்தேர்தல் வந்தது. மெஷினை இயக்க ஒரு டெக்னீஷியனை நியமித்திருந்தார்கள். அவர் தினமும் வந்து வெல்வெட்டில் தூசி தட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஷபீருக்குக் கவர் சமாச்சாரம் தெரியும். ரிப்பனை அவிழ்க்காமல், துணியை மட்டும் ஒரு பக்கமாகத் தூக்கி, தங்கச்சி ரத்தத்தை எண்ணிவிட்டு, பழையபடி மடிப்புக் கலையாமல் தானே போர்த்திக் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். ஒருத்தருக்கும் தெரியாது, அவன் தொழிலே அதுதான். பிரதீபா பயந்துபோய் இயக்குநரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் திருநாவுக்கரசு அவனை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். திறப்பு விழாவுக்கு முன்னால் இயங்கிய மெஷினைத் திறந்து வைக்க எந்த அமைச்சர் வருவார் என்று கேட்டார். அதில் நியாயம் இருப்பதுபோல ஷபீருக்குத் தோன்றியது. பிறகு அவர் ஒரு ஏற்பாடு சொன்னார். ஷபீர் மையத்தின் முன்மாதிரித் தன்னார்வலராகச் சேர்ந்து ஒத்திகைகளுக்கு ஒழுங்காக வர வேண்டும். பதிலுக்கு, மெஷின் திறக்கிற அன்றைக்கு முதல் ரத்தம் அவன் தங்கையுடையதுதான்.

"மொத ரத்தமா?" என்றான் ஷபீர்.

"முதல் ரத்தம். என் வார்த்தை" என்றார் இயக்குநர்.

ஒத்திகை என்பது இப்படி. மாதம் ஒருமுறை ஷபீரை ஓர் அறையில் உட்கார வைப்பார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் அவன் தோளில் பஞ்சால் துடைப்பார். ஊசியில்லாத ஒரு பிளாஸ்டிக் குழாயை வைத்து அழுத்துவார், உள்ளே மருந்தும் இருக்காது. "போட்டாச்சு" என்பார். உடனே பிரதீபா, இப்போது உங்கள் மனத்தில் நம்பிக்கை அதிகமாக இருக்கிறதா, ஓரளவு இருக்கிறதா, சொல்ல இயலவில்லையா என்று கேட்பாள். ஷபீர் முதல் மாதம் ஒன்றும் இல்லை என்று சொன்னான். ஒன்றும் இல்லை என்பதற்குத் தாளில் இடமில்லை, அதனால் ஓரளவு என்று போட்டுக்கொண்டார்கள். பக்க விளைவு ஏதும் வருகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் அங்கேயே படுக்க வேண்டும். ஒருமுறை படூர்க் கல்லூரி மாணவன் ஒருவன் வெறும் குழாய் பட்டதுமே மயங்கி விழுந்தான். அதை விசாரிக்கக் குழு போட்டார்கள், குழு மகாபலிபுரத்தில் கடலைப் பார்த்த விடுதியில் கூடி, இல்லாத மருந்தின் அளவைப் பாதியாகக் குறைக்கப் பரிந்துரைத்தது. அடுத்த மாதத்திலிருந்து குழாயைப் பாதிதான் அழுத்தினார்கள்.

இதெல்லாம் நடக்கும்போது ஃபைஸா வராந்தா பெஞ்சில் மஞ்சள் தொப்பியோடு உட்கார்ந்திருப்பாள். தனியாக வீட்டில் கிடப்பதற்கு இது தேவலை என்பாள். கண்ணாடி வழியாக மெஷினையும் டெக்னீஷியனையும் பார்த்துக்கொண்டிருப்பாள். ஐப்பசியில் அவளுக்கு இருமல் வந்தது. கார்த்திகையில் வளையல் தானாகவே கழன்று விழ ஆரம்பித்தது. ஷபீர் சென்னைக்குப் போய் விசாரித்தான். பார்ட்ஸ் வரவில்லை.

அமைச்சர் ஜனவரிக்குத் தேதி கொடுத்தார். டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடல் ஊருக்குள் வந்தது. அப்புறம் விழாவைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை, ஷபீருக்கும் வரவில்லை.

ஆனால் ஒத்திகை முகாமை மட்டும் தள்ளிப்போட முடியவில்லை. திருவிடந்தையில் மீனவர்களிடம் தடுப்பூசி மனப்பாங்கை அளக்க வேண்டும் என்று போன வருஷமே நிதி வந்திருந்தது. மார்ச்சுக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். எனவே பிப்ரவரி கடைசியில், படகு போய், வலை போய், வீட்டுச் சுவர் போய்க் கிடந்த குப்பத்தின் பக்கத்தில் ஷாமியானா போட்டு, மைக் கட்டி, மேசைகளை வரிசையாக வைத்தார்கள். முன்மாதிரித் தன்னார்வலர் என்று எழுதிய பட்டையைத் தோளில் குறுக்கே மாட்டி ஷபீரை முன்னால் நிறுத்தினார்கள்.

மேசையையும் மைக்கையும் பார்த்ததும் குப்பமே வந்து வரிசையில் நின்றுவிட்டது. இரண்டு மாதமாக அவர்களுக்கு அதுதான் பழக்கம். மேசை போட்டால் நிற்க வேண்டும், நின்றால் ஏதாவது கொடுப்பார்கள். முதலில் நின்ற வரதன் என்பவர் ஷபீரிடம் அரிசி எந்த மேசையில் என்று கேட்டார்.

"அரிசி இல்ல அண்ணாத்த. ஊசி" என்றான் ஷபீர்.

"இன்னா ஊசி?"

"ஊசியும் இல்ல."

வரதன் அவன் முகத்தையும் தோளில் கிடந்த பட்டையையும் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்படுகிற தெம்பெல்லாம் அந்தக் குப்பத்தில் யாரிடமும் மிச்சமில்லை. பின்னால் நின்ற வேண்டா என்ற பெயருடைய பெண்பிள்ளை, ரேஷன் அட்டையும் போய்விட்டது, கையைத்தான் கேட்கிறார்கள் என்றால் அதையாவது காட்டுவோம் என்று இரண்டு ரவிக்கைக் கையையும் மேலே சுருட்டிக்கொண்டு, "ரெண்டுலயும் குத்துப்பா. ரெண்டா குடுப்பாங்களா?" என்று கேட்டாள். பிரதீபா கேட்ட எல்லாக் கேள்விக்கும் எல்லோரும் ஆமாம் என்றார்கள். நம்பிக்கை அதிகமாக இருக்கிறதா? ஆமாம். தயக்கம் இல்லையே? ஆமாம். சாயங்காலம் ஆளுக்கு ஒரு மஞ்சள் தொப்பி கொடுத்து அனுப்பினார்கள். வெயிலுக்கு ஆகும் என்று வாங்கிக்கொண்டார்கள்.

இந்த முடிவு மகாபலிபுரம் விடுதியில் நடந்த கருத்தரங்கில் பெரிய பரபரப்பை உண்டாக்கியது. உலகத்தில் எங்குமே தடுப்பூசிக்கு நூற்றுக்கு நூறு சம்மதம் கிடைத்ததில்லை. ஷபீரை மேடையில் ஓர் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். ஃபைஸாவும் வந்திருந்தாள், துணைக்கு வந்தவர்களுக்கு உள்ளே இடமில்லை என்பதால் நீச்சல் குளத்துப் பக்கம் குடை நிழலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். டாக்டர் திருநாவுக்கரசு பேசினார்.

"நண்பர்களே, மருந்து இருந்தால் அதைக் கொடுப்பதில் என்ன விஞ்ஞானம் இருக்கிறது? யார் வேண்டுமானாலும் கொடுத்துவிட்டுப் போகலாம், நோயாளி எழுந்து நடந்து போய்விடுவான், நமக்கு ஒரு தகவலும் மிஞ்சாது. மருந்தே இல்லாதபோது மனிதன் கையை நீட்டுகிறானே, அங்கேதான் நம் துறை தொடங்குகிறது. திருவிடந்தை மக்கள் எதையும் எதிர்பார்க்காமல் கையை நீட்டினார்கள். அதைப் பார்த்தபோது என் கண் கலங்கியது. எதிர்காலத்தில் தடுப்பூசி கண்டுபிடிக்கப்பட்டால் அது நம் ஆய்வைப் பாதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அரசின் கடமை."

நெடுநேரம் கைதட்டினார்கள். பஃபே சாப்பாட்டில் ஷபீர் தங்கைக்காக ஒரு தட்டில் கொஞ்சம் குலாப் ஜாமூன் எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவளால் பாதிகூட விழுங்க முடியவில்லை. தொண்டையில் ஏதோ அடைக்கிறது என்றாள்.

அமைச்சர் கடைசி வரைக்கும் வரவே இல்லை. ஆனி மாதத்தில் நிதி கொடுக்கும் அமைப்பிலிருந்து வெள்ளைக்கார அம்மாள் ஒருவர், மெஷினுக்குக் கொடுத்த பணம் என்னவாயிற்று என்று பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. உடனே அவர் கையாலேயே திறந்துவிடுவது என்று முடிவாயிற்று. கல்வெட்டில் அமைச்சர் பெயர் மேல் பித்தளைத் தகடு ஒட்டினார்கள். நாதஸ்வரம் வைத்தார்கள்.

அன்று காலையில் ஷாஜாதி ஃபைஸாவுக்குத் தலை வாரி, பெருநாளுக்கு வாங்கிய சல்வாரைப் போட்டுவிட்டாள். அது அவள்மேல் நிற்காமல் தொளதொளவென்று கிடந்ததால் ஷபீர் கடையிலேயே இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தான். பஸ்ஸில் அவள் இடது கையை மடித்து மடித்து நீட்டிக்கொண்டே வந்தாள். நரம்பு சட்டென்று கிடைக்க வேண்டுமாம்.

விழா தொடங்கச் சற்று முன்னால் இயக்குநர் ஷபீரைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போனார். ஒரு சின்ன மாற்றம் என்றார். முதல் ரத்தம் ஷபீருடையதாக இருக்கட்டும், அடுத்தது கண்டிப்பாகத் தங்கையுடையது. ஷபீர் வார்த்தை கொடுத்தீர்களே என்றான். இயக்குநர் அவன் தோளில் கை போட்டார்.

"மிஸ்டர் ஷபீர், நீங்க கடை வச்சிருக்கீங்க. காலையில போணி யார் கையால பண்ணுவீங்க?"

ஷபீர் உள்ளதைச் சொன்னான். அவனுக்கு ஆட்டோக்காரர் கேசவன் கைதான் ராசி. அவர் வந்து ஒரு பட்டனாவது வாங்கின பிறகுதான் மற்றவர்களுக்கு அளவு டேப்பை எடுப்பான். முந்திக்கொண்டு வருகிறவர்களை, டீ குடிச்சிட்டு வா என்று அனுப்பிவிடுவான்.

"அதேதான்" என்றார் இயக்குநர். "இத்தனை பெரிய மெஷின். வெளிநாட்டு மேடம் முன்னால முதல் நம்பரே நூத்திச் சொச்சம்னு வந்தா நல்லாவா இருக்கும்? மெஷினைப் பத்தி என்ன நினைப்பாங்க? முதல் நம்பர் மங்களமா வரட்டும். உங்க கை ராசியான கை."

இயக்குநர் ஷபீரின் தொழில் வழக்கத்தையே எடுத்து அவன் முகத்தில் வைத்துவிட்டார். அவர் சொல்வது அயோக்கியத்தனம் என்று அவனுக்குத் தெரிந்தது. அது தினமும் காலையில் தான் செய்வதுதான் என்பதும் தெரிந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

வெள்ளைக்கார அம்மாள் ரிப்பனை வெட்டினார். வெல்வெட் இறங்கியது. நாதஸ்வரம் வாசிக்க ஷபீரின் ரத்தத்தை எடுத்து மெஷினுக்குள் வைத்தார்கள். இதுவரை எத்தனை நோயாளிகளுக்கு இது பயன்பட்டிருக்கிறது என்று அந்த அம்மாள் கேட்டார். இதுவரை ஒரு கைகூடப் பட்டதில்லை, புத்தம் புதுசாக வைத்திருக்கிறோம் என்று இயக்குநர் பெருமையோடு சொன்னார். அம்மாளுக்கு அது புரியவில்லை போலிருக்கிறது, இன்னொருமுறை கேட்டார். அதற்குள் மெஷின் கூவியது. டெக்னீஷியன் ஒரு வருஷத்தில் முதல்முறையாக வேலை செய்த சந்தோஷத்தில் மைக்கை வாங்கி, "ஆயிரத்துப் பன்னிரண்டு" என்று அறிவித்தார்.

மண்டபம் முழுக்கக் கைதட்டல். ஷபீருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவன் நம்பரை அச்சடித்துச் சட்டம் போட்டுக் கையில் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். கடைசி வரிசையில் ஃபைஸாவும் கைதட்டினாள். அண்ணன் நல்லாயிருக்கிறான் என்பது அவளுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

பிறகு அவள் எழுந்து, மடித்த கையோடு மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள்.

டெக்னீஷியன் அவளையும் இயக்குநரையும் மாறி மாறிப் பார்த்தார். ரத்தத்தோடு கலக்கிற மருந்துத் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்றார். மெஷினோடு வந்த பெட்டி முழுக்க ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது, ஆனால் திறப்பு விழாவுக்குக் காத்திருந்ததில் போன மாதமே காலாவதியாகிவிட்டது. இன்றைய விழாவுக்காகக் கம்பெனிக்காரர் சென்னையிலிருந்து ஓர் ஆளுக்கு மட்டும் கொண்டுவந்தார். புதிதாக வாங்க மூன்று கம்பெனியிடம் விலைப்புள்ளி கேட்க வேண்டும், குழு கூட வேண்டும்.

"கவலைப்படாதீங்கம்மா" என்றார் இயக்குநர். "மெஷின் நல்லா வேலை செய்யுதுன்னு நிரூபணம் ஆயிடுச்சே."

தூசி படியாமல் இருக்க வெல்வெட்டை மறுபடி போர்த்தினார்கள். மடிப்பு சரியாக விழவில்லை. ஷபீர் பழக்கத்தில் போய் ஓரத்தை இழுத்துச் சரி பண்ணிவிட்டான். ஏன் செய்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஃபைஸா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அழவில்லை, திட்டவும் இல்லை. குளிர்கிறது என்றாள். ஷபீர் பொன்னாடையை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டான். அவனுக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல ஒருகாலத்தில் இருந்திருக்கலாம். இப்போது ஒன்றும் தோன்றவில்லை, மரத்துப்போயிருந்தது. மெஷின் இருக்கிறது, வேலை செய்கிறது, தன் உடம்பில் எதிர்ப்பு அணுக்கள் ஏராளமாக இருக்கின்றன என்று ஒன்றன்பின் ஒன்றாக நினைத்துப் பார்த்தான். எல்லாமே உண்மைதான்.

குழு ஆடியில் கூடவில்லை. ஆவணியில் கூடி, மூன்று கம்பெனிகளில் ஒன்று பேப்பரில் சீல் வைக்கவில்லை என்று கலைந்தது. ஆவணி கடைசியில் ஃபைஸா எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் ஆனாள். தண்ணீர் கொடுத்தால் மூக்கு வழியாக வந்தது. கேசவன் தன் ஆட்டோவிலேயே சென்னை வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தார். வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி, அவள் மூச்சு விடுகிறாளா என்று ஷபீர் பார்த்துக்கொண்டான். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவள் ஒரு கை பாரம்கூட இல்லை.

டாக்டர் பிரபாவதி அவர்களை அடையாளம் கண்டுகொண்டார். நம்பர் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். ஷபீர் இல்லை என்று தலையாட்டினான். நம்பர் இல்லாமல் மாத்திரை கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். இருந்தாலும் கொண்டுவந்திருந்தான், வேறு எங்கே கொண்டுபோவது?

டாக்டர் ஃபைஸாவின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கும் தொண்டையும் தயிர் பூசியதுபோல வெள்ளையாக இருந்தன. தராசில் நிற்க வைத்தார், நிற்க முடியவில்லை, ஷபீர் பிடித்துக்கொண்டான். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார்.

"நம்பர் வேணாம்" என்றார். "இந்த நெலமைக்கு வந்துட்டவங்களுக்கு எண்ணத் தேவையில்ல. பார்த்தாலே தெரியுது. ரூலே அப்படித்தான், நேரா மாத்திரை ஆரம்பிச்சிடலாம். இன்னிக்கே வார்டுல சேர்த்துடுங்க."

ஷபீருக்கு முதலில் சந்தோஷம் வந்தது. ஒரு வருஷமாக அலைந்த காரியம், இரண்டு வரியில் முடிந்துவிட்டது. அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஃபைஸா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் எதையோ கணக்குப் போட்டுப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பேசுவதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"அப்போ டாக்டர், நான் இன்னும் கொஞ்சம் முன்னாடியே இப்டி ஆயிருந்தா, அப்பவே குடுத்துருப்பீங்களா?"

"ஆமாம்மா" என்றார் டாக்டர், எழுதிக்கொண்டே.

பிறகு அவர் பேனா நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஃபைஸா, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, சேர்க்கும் இடம் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.